மன்னரின் பிரகடனமா, பாராளுமன்றத்தின் ஆர்டினன்ஸா: 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எது சட்டம்?

1642 கோடையில் இங்கிலாந்தின் ஷெரிஃப்களும் (கவுன்டி எனப்படும் மாவட்டங்களில் மன்னரின் அதிகாரிகள்) மேயர்களும் ஒரு தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டார்கள். கவுன்டிப் படையைத் தான் நியமித்த தலைவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லி லண்டனில் இருந்த பாராளுமன்றம் ஓர் ஆர்டினன்ஸ் போட்டிருந்தது. அதற்கு யாரும் கீழ்ப்படியக் கூடாது என்று யார்க் நகரில் இருந்த மன்னர் முதலாம் சார்லஸ் மே 27 அன்று ஒரு பிரகடனம் வெளியிட்டார். அத்தோடு நிற்காமல், தன் பெயரில் படை திரட்டும் ஆணைகளையும் கவுன்டி கவுன்டியாக அனுப்பினார். இரண்டு தரப்பும் அச்சடித்த தாள்களை அனுப்பின. இரண்டு தாள்களும் மன்னரின் அதிகாரத்தையே மேற்கோள் காட்டின. ஒன்றுக்குப் பணிந்தால் மற்றதன்படி குற்றவாளி. லண்டன் மேயர் சர் ரிச்சர்ட் கர்னி, மன்னரின் படை திரட்டும் ஆணையை நகரில் அறிவிக்கச் செய்தார். ஜூலையில் பாராளுமன்றம் அவர் மேல் குற்றம் சாட்டியது. ஆகஸ்டில் மேயர் பதவி போனது. லண்டன் டவரில் சிறை வைக்கப்பட்டார்.

மன்னர் சொல்வது சட்டமா, பாராளுமன்றம் சொல்வது சட்டமா என்ற சண்டை அந்தக் கோடையில் திடீரென்று முளைத்ததல்ல. நூறு ஆண்டுகளாக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது.

முதலில் எது என்ன என்று பிரித்துக்கொள்வோம். ஒரு மசோதா முழுச் சட்டமாக வேண்டுமானால் காமன்ஸ் சபை, பிரபுக்கள் சபை, மன்னர் என்று மூவரும் சம்மதிக்க வேண்டும். மன்னரின் சம்மதத்தைப் பழைய பிரெஞ்சு மொழியில் ‘மன்னர் இதை விரும்புகிறார்’ என்று எழுத்தர் வாசிப்பார். பிரகடனம் என்பது மன்னர் தன் ஆலோசனைக் குழுவோடு கலந்து தானே வெளியிடுவது. பாராளுமன்றத்துக்கு அதில் வேலை இல்லை. ஆர்டினன்ஸ் இதற்கு நேர் எதிர். இரு சபைகளும் ஒப்புக்கொண்டிருக்கும், மன்னரின் சம்மதம் இருக்காது. (நம் நாட்டில் சபை கூடாத நேரத்தில் ஜனாதிபதியோ ஆளுநரோ போடுவதுதான் ஆர்டினன்ஸ். இங்கே பேசப்போவது சபையே போட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.)

பிரகடனங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பாராளுமன்றம் நிரந்தரமாக நடக்கிற அமைப்பு இல்லை. மன்னர் அழைத்தால் கூடும், கலைத்தால் போய்விடும். முதலாம் எலிசபெத் 44 ஆண்டுகள் ஆண்டார். அதில் பாராளுமன்றம் 13 அமர்வுகள் மட்டுமே கூடியது. எல்லாவற்றையும் கூட்டினாலும் மூன்று ஆண்டுகூட வராது. மீதிக் காலத்தில் கொள்ளைநோய் வரும், தானிய விலை ஏறும், நாணயத்தின் மதிப்பை மாற்ற வேண்டியிருக்கும், போர் மூளும். சம்பளம் வாங்கும் அதிகாரிகள் மாவட்டம்தோறும் இருந்த காலமும் இல்லை அது. உள்ளூர்ச் செல்வந்தர்களே சம்பளமில்லாத நீதிபதிகளாக இருந்து ஊரை நிர்வகித்தார்கள். அவர்களுக்கு மேலிடத்தின் விருப்பம் தெரிய வேண்டுமே, அதற்கு உதவியது பிரகடனம்.

வாசகத்தில் மன்னர் கையெழுத்திடுவார், அரச ஆணைகளை உறுதிப்படுத்தும் மகா முத்திரையின் அதிகாரம் அதற்குக் கிடைக்கும், அரச அச்சகர் பெரிய தாளில் தடித்த பழைய எழுத்தில் அச்சடிப்பார். தாள்கள் ஷெரிஃப்களுக்குப் போகும். சந்தை கூடும் நாளில் சந்தைவெளியில் நின்று உரக்கப் படிப்பார்கள், அப்புறம் கம்பத்திலோ சுவரிலோ ஒட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டில், அரசாங்கத்தின் குரல் காதில் விழுந்தது இப்படித்தான். தவக்காலத்தில் இறைச்சி உண்ணாதே என்பதிலிருந்து ஊரிலேயே புகையிலை பயிரிடாதே என்பது வரை, அந்தக் குரல் நுழையாத இடம் குறைவு.

கேள்வி என்னவென்றால், அதை மீறினால் தண்டிக்கலாமா? எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1539இல், பாராளுமன்றமே ஒரு சட்டம் இயற்றி, குழுவின் ஆலோசனையோடு மன்னர் வெளியிடும் பிரகடனங்களுக்குப் பாராளுமன்றச் சட்டத்தைப் போலவே கீழ்ப்படிய வேண்டும் என்றது. சர்வாதிகாரத்துக்கான சாவி என்று இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் முழுதாக ஏற்புடையதாக இல்லை. அதே சட்டம், பிரகடனத்தைக் கொண்டு யாருடைய உயிரையும் பரம்பரைச் சொத்தையும் பறிக்கக் கூடாது என்று வேலியும் போட்டது. அதைவிட முக்கியம், ஹென்றி போன்ற மன்னரே பிரகடனத்துக்குப் பலம் வேண்டிப் பாராளுமன்றத்திடம் போனார் என்பது. 1547இல், அவர் மகன் ஆறாம் எட்வர்டின் முதல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதற்கப்புறம் பிரகடனத்துக்குச் சட்டப்படி எவ்வளவு பலம் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. தெளிவில்லாமலே, ஹென்றியும் எலிசபெத்தும் வந்த ட்யூடர் வம்சத்து அரசர்கள் காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

ஸ்டூவர்ட் வம்சத்து முதலாம் ஜேம்ஸ் வந்ததும் அந்த மௌனம் உடைந்தது. ஸ்காட்லாந்து மன்னரான அவர் 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னர் ஆனார். இரு நாடுகளுக்கும் ‘கிரேட் பிரிட்டன்’ என்று பெயர் வைக்க ஆசைப்பட்டார். காமன்ஸ் சபை ஒப்புக்கொள்ளவில்லை. சரி என்று விட்டாரா? 1604 அக்டோபர் 20 அன்று பிரகடனம் போட்டு ‘கிரேட் பிரிட்டனின் மன்னர்’ என்று தானே பட்டம் சூட்டிக்கொண்டார். நீதிமன்ற ஆவணங்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் அளித்தார், பெயரை மாற்றினால் பழைய வழக்குகளும் பத்திரங்களும் என்னாகும் என்ற அச்சம் சட்ட வல்லுநர்களுக்கு இருந்ததால். பாராளுமன்றம் மறுத்ததைப் பிரகடனத்தால் சாதித்துக்கொள்வது என்ற பழக்கம்தான் உறுப்பினர்களை உறுத்தியது.

1610 ஜூலையில் காமன்ஸ் சபை மன்னரிடம் ஒரு குறைமனு கொடுத்தது. பிரகடனங்கள் மக்களின் சுதந்திரத்தையும் சொத்தையும் தொடுகின்றன, சில சட்டத்தையே மாற்றுகின்றன, ஒரு கூட்டத்தொடரில் தள்ளுபடியான விஷயம் அது முடிந்த சூட்டில் பிரகடனமாக வருகிறது என்றெல்லாம் அதில் இருந்தது. ஜேம்ஸின் பிரகடனங்களைத் தொகுத்து நூலாக அச்சிட்டதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சட்டத் தொகுப்பைப் போல அது அலமாரியில் உட்கார்ந்துவிட்டால், நாளைக்கு அதையே சட்டம் என்பார்கள் என்ற கவலை. அந்தக் கவலை சரியானது என்பதே என் எண்ணம். வழக்கத்தின் மேல் நிற்கும் சட்ட முறையில், யாரும் எதிர்க்காமல் விட்ட ஒன்று சில பத்தாண்டுகளில் உரிமை ஆகிவிடும்.

பதில் சொல்லுமுன் மன்னரின் ஆட்கள், தலைமை நீதிபதி எட்வர்ட் குக்கை 1610 செப்டம்பர் 20 அன்று அழைத்தார்கள். அவர் முன் வைத்த கேள்விகள் இரண்டு. லண்டனிலும் சுற்றிலும் புது வீடு கட்டுவதை மன்னர் பிரகடனத்தால் தடுக்க முடியுமா? கோதுமையிலிருந்து கஞ்சிப்பசை தயாரிப்பதைத் தடுக்க முடியுமா?

இரண்டுமே அற்பமான விஷயங்கள் இல்லை. லண்டன் வீங்கிக்கொண்டே போனது. கூட்டம் சேர்ந்தால் கொள்ளைநோயும் பஞ்சமும் கலகமும் வரும் என்று அரசு பயந்தது. நகர வாயில்களிலிருந்து மூன்று மைல் தூரத்துக்குள் புது வீடு கூடாது என்று 1580இலேயே எலிசபெத் பிரகடனம் போட்டார், அதன்பின் ஜேம்ஸ் திரும்பத் திரும்பப் போட்டார். வீடுகள் எழும்பிக்கொண்டேதான் இருந்தன. கஞ்சிப்பசையோ, அன்றைய கனவான்களும் சீமாட்டிகளும் கழுத்தில் அணிந்த மடிப்புப் பட்டைகளை விறைப்பாக நிறுத்துவதற்கு. ஏழைக்கு ரொட்டியாக வேண்டிய கோதுமை பணக்காரரின் கழுத்துப்பட்டைக்குப் போவதா என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நோக்கம் நல்லதாக இருந்தால் மன்னர் தனியாக ஒரு புதுக் குற்றத்தை உருவாக்கலாமா என்பதே குக் முன் இருந்த கேள்வி.

மன்னரின் தலைமைச் சட்ட அதிகாரியான சான்சலர் எலிஸ்மியர் அங்கேயே நெருக்கினார்: எந்த முன்னுதாரணத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு, முன்னுதாரணம் இல்லாத இடத்தில் மன்னரின் அறிவுக்கு விட்டுவிடுங்கள். குக் அசரவில்லை. மற்ற நீதிபதிகளோடு கலந்து பேச அவகாசம் கேட்டார். பிறகு குக்கையும் சேர்த்து நீதிபதிகள் நால்வரும் சொன்ன கருத்தின் சாரம் இது. பாராளுமன்றம் இல்லாமல் மன்னர் பொதுச் சட்டத்தின் (வழக்கத்திலிருந்து வளர்ந்த நாட்டுச் சட்டம்) எந்தப் பகுதியையும் மாற்ற முடியாது. முன்பு குற்றமாக இல்லாத ஒன்றைப் பிரகடனத்தால் குற்றமாக்க முடியாது. நாட்டின் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதைத் தவிர மன்னருக்கு வேறு தனி அதிகாரம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் சட்டத்தைப் பின்பற்றுங்கள் என்று பிரகடனத்தால் எச்சரிக்கலாம், எச்சரித்த பிறகும் மீறினால் குற்றம் கனமாகும். அவ்வளவுதான்.

2019 செப்டம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், பாராளுமன்றத்தை ஒத்திவைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தபோது இந்தக் கருத்தை எடுத்துக் காட்டியது. ஆனால் அன்றைக்கு அது நீதிமன்றத்தில் வாதாடி வழங்கிய தீர்ப்பு இல்லை. அறைக்குள் கேட்டுச் சொன்ன ஆலோசனை. நமக்குக் கிடைப்பதும் குக் தானே எழுதி வைத்த குறிப்புதான். அவர் 1634இல் இறந்து போக, அது அச்சில் வந்தது 1656இல். 1610 செப்டம்பரிலேயே ஜேம்ஸ் சில பழைய பிரகடனங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பது உண்மை. லண்டன் கட்டடங்களைத் தடுக்கும் பிரகடனங்கள் நிற்கவில்லை என்பதும் உண்மை.

நிற்காததற்குக் காரணம் ஸ்டார் சேம்பர். மன்னரின் ஆலோசகர்களே பெரும்பாலும் நீதிபதிகளாக அமர்ந்த அந்த மன்றத்தில் ஜூரி கிடையாது. பிரகடனத்தை மீறியவர்களை அங்கே இழுக்கலாம். 1629 முதல் 1640 வரை ஜேம்ஸின் மகன் சார்லஸ் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டபோது அதன் பல் எவ்வளவு கூர்மை என்பது தெரிந்தது. நாட்டுப்புறச் செல்வந்தர்கள் லண்டனில் உட்கார்ந்திருக்காமல் ஊருக்குத் திரும்பி நிர்வாகத்தைப் பார்க்க வேண்டும் என்று 1632 ஜூனில் ஒரு பிரகடனம். சஸெக்ஸைச் சேர்ந்த பாமர் என்பவர் திரும்பவில்லை. அவர் மணமாகாதவர், ஊரில் இருந்த மாளிகையோ தீயில் எரிந்துபோயிருந்தது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஸ்டார் சேம்பர் அவருக்கு 1,000 பவுண்டு அபராதம் விதித்தது. பணம் இல்லாமல் தவித்த அரசு, தடையை மீறி வீடு கட்டியவர்களிடம் அபராதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடவும் செய்தது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பொதுநலம் என்று தொடங்கிய தடை கருவூலத்துக்கு வருமானம் ஆகிவிட்டது.

ஸ்காட்லாந்தோடு மூண்ட போர் சார்லஸைப் பாராளுமன்றத்திடம் திரும்ப ஓட வைத்தது. 1641 ஜூலையில் ஸ்டார் சேம்பர் ஒழிந்தது. பிரகடனங்கள் தொடர்ந்து வந்தன, அவற்றுக்குப் பின்னால் நின்ற தடி போய்விட்டது.

அடுத்த மாதமே கதை தலைகீழானது. சார்லஸ் ஸ்காட்லாந்துக்குப் போயிருந்தார். அங்கே ஆணையர்களை அனுப்ப வேண்டும், கையெழுத்துப் போட மன்னர் ஊரில் இல்லை. இடைக்கால ஆவணங்களில் தேடி, இரு சபைகள் மட்டும் போடும் ‘ஆர்டினன்ஸ்’ என்ற பழைய உருவத்தை உறுப்பினர்கள் தூசி தட்டி எடுத்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று முதல் ஆர்டினன்ஸ் வந்தது. சின்னத் தேவைக்கான சின்ன ஏற்பாடு என்றே அப்போது தோன்றியிருக்கும்.

அக்டோபரில் அயர்லாந்தில் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கப் படை வேண்டும். அந்தப் படையை இந்த மன்னர் கையில் கொடுத்தால் நம் மேலேயே திருப்புவாரோ என்று பாராளுமன்றம் அஞ்சியது. 1642 ஜனவரி 4 அன்று ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய சார்லஸ் ஆயுதம் தாங்கியவர்களோடு காமன்ஸ் சபைக்கே வந்ததும் அச்சம் உறுதியானது. சில நாட்களில் அவர் லண்டனை விட்டு வெளியேறினார். படைத் தலைவர்களைப் பாராளுமன்றமே நியமிக்கும் ஆர்டினன்ஸை மார்ச் 5 அன்று இரு சபைகளும் நிறைவேற்றின. மன்னரின் தனி அதிகாரத்திலேயே மிக ஆழமானது படைத் தலைமை. அதன் மேலேயே கை வைத்தாயிற்று.

மன்னர் ஒப்பாத ஒன்று எப்படிச் சட்டமாகும்? மன்னர் என்ற மனிதர் வேறு, மன்னர் என்ற பதவி வேறு. தீய ஆலோசகர்களால் மனிதர் வழி தவறிப் போயிருக்கிறார். அவர் நேரில் எதிர்த்தாலும் பதவியின் அதிகாரம் பாராளுமன்றத்தில் வெளிப்படுகிறது என்று இரு சபைகளும் பதில் சொல்லின. மன்னரின் பெயரால் மன்னரோடு உள்நாட்டுப் போர். அதை நம்பியவர்கள் மனப்பூர்வமாகவே நம்பினார்கள் என்று நினைக்கிறேன். அந்த வாதத்தை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அதற்கு எல்லை எது என்பதுதான் சிக்கல்.

எல்லை இருக்கவில்லை. 1643 பிப்ரவரியில் வாராந்தர வரி. லண்டன் மட்டும் வாரத்துக்கு 10,000 பவுண்டு. மார்ச்சில் மன்னர் பக்கம் நின்றவர்களின் சொத்து பறிமுதல். ஜூனில் அச்சுத் தணிக்கை. ஜூலையில், காமன்ஸ் சபைத் தலைவர்களில் ஒருவரான ஜான் பிம்மின் முயற்சியால், மதுவுக்கும் புகையிலைக்கும் கலால் வரி. பிறகு இறைச்சிக்கும் உப்புக்கும் நீண்டது. 1645இல் புதிய படையே ஆர்டினன்ஸில் பிறந்தது. பிரார்த்தனை நூல் மாறியது, நாடக அரங்குகள் மூடப்பட்டன, 1647இல் கிறிஸ்துமஸ் பண்டிகையே நீக்கப்பட்டது. எந்த ட்யூடர், ஸ்டூவர்ட் பிரகடனமும் இவ்வளவு தூரம் போனதில்லை. 1610இல் புலம்பிய அதே சபை, தான் எதிர்த்ததைவிடப் பெரிய அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. போர்க்காலம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மன்னர்களும் எப்போதும் அவசரத்தைத்தானே காரணம் சொன்னார்கள்.

எல்லாவற்றிலும் மனதை உலுக்குவது சார்லஸின் நெருங்கிய ஆலோசகரான கேன்டர்பரிப் பேராயர் வில்லியம் லாடின் முடிவு. தேசத்துரோகத்தை வழக்கில் நிரூபிக்க முடியவில்லை. அதனால் அவரைக் குற்றவாளி என்று ஆர்டினன்ஸ் போட்டே அறிவித்தார்கள். மன்னரின் மகா முத்திரை பதித்த மன்னிப்பை லாட் காட்டினார். பாராளுமன்றம் அதை ஏற்கவில்லை. 1645 ஜனவரி 10 அன்று 71 வயது முதியவரின் தலை வெட்டப்பட்டது. உயிரைப் பறிக்கக் கூடாது என்ற வேலியை 1539இன் பிரகடனச் சட்டமே போட்டிருந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

போர்க்காலத்தில் தன் தலைநகராக இருந்த ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து சார்லஸ் ஒவ்வொன்றுக்கும் எதிர்ப் பிரகடனம் போட்டார். மதச் சீர்திருத்தம் பேச வெஸ்ட்மின்ஸ்டரில் பாராளுமன்றம் கூட்டிய அவையில் யாரும் உட்காரக் கூடாது என்று 1643 ஜூனில் ஒன்று; பழைய பிரார்த்தனை நூலையே ஓதுங்கள் என்று 1645 நவம்பரில் இன்னொன்று. அவருடைய தாள்களில் மேலே அரச சின்னம், கீழே ‘கடவுளே மன்னரைக் காப்பாற்று’. பாராளுமன்றத்தின் தாள்களில் நம்பகத்துக்கு அடையாளம் எழுத்தரின் பெயர். முத்திரை காப்பாளர் லிட்டில்டன் 1642 மே மாதத்தில் மகா முத்திரையோடு யார்க்குக்குப் போய்விட்டதால், 1643 நவம்பரில் பாராளுமன்றம் தானே ஒரு முத்திரை செய்துகொண்டது. ஆக்ஸ்ஃபோர்ட் வீழ்ந்த பின், 1646 ஆகஸ்டில், மன்னரின் முத்திரையை இரு சபைகளின் முன்னிலையில் உடைத்தார்கள்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1647 பிப்ரவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்ட் சந்தையில் கலால் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். ஜூனில் இறைச்சிக்கும் உப்புக்கும் வரி நீங்கியது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸில் கேன்டர்பரியில் கலவரம்.

1649இன் தொடக்கத்தில் ஆர்டினன்ஸும் போதாமல் போனது. மன்னரை விசாரிக்க ஒரு நீதிமன்றம் அமைக்கும் ஆர்டினன்ஸைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. ஜனவரி 4 அன்று காமன்ஸ் சபை, நீதியான அதிகாரம் அனைத்துக்கும் கடவுளுக்குக் கீழே மக்களே மூலம், மன்னரும் பிரபுக்களும் ஒப்பாவிட்டாலும் தாங்கள் இயற்றுவது சட்டம் என்று தீர்மானித்தது. இரண்டு நாள் கழித்து அதே விஷயம் ‘சட்டம்’ என்ற பெயரிலேயே நிறைவேறியது. ஜனவரி 30 அன்று சார்லஸ் கொல்லப்பட்டார். அடுத்த மன்னர் என்று யாரையும் பிரகடனம் செய்வது குற்றம் என்று ஒரு சட்டத்தை அன்றே அவசரமாக இயற்றினார்கள். மன்னர் இறந்தால் வாரிசின் பெயரைச் சந்தைவெளியில் உரக்கக் கூவுவது மரபு. அந்த ஒரு பிரகடனத்துக்குத்தான் அவர்கள் மிகவும் பயந்தார்கள்.

பாராளுமன்றப் படையின் தளபதி ஆலிவர் கிராம்வெல் 1653 டிசம்பரில் ஆட்சிக் காப்பாளர் ஆனபோது, அடுத்த செப்டம்பரில் பாராளுமன்றம் கூடும் வரை தானும் குழுவும் ஆர்டினன்ஸ் போடலாம் என்று புதிய அரசியலமைப்பு ஆவணம் அனுமதித்தது. அந்த ஒன்பது மாதங்களுக்குள் 80க்கும் மேற்பட்டவை வந்தன. இப்போது ஆர்டினன்ஸ் என்பதில் பாராளுமன்றமும் இல்லை. ஒரு மனிதர், ஒரு குழு. பழைய பிரகடனத்தின் உருவம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. ஜார்ஜ் கோனி என்ற வணிகர் சுங்கவரி கட்ட மறுத்து, அந்த ஆர்டினன்ஸுக்குச் சட்ட பலமே இல்லை என்று வழக்காடினார். அவருடைய மூன்று வழக்கறிஞர்களையும் 1655இல் டவருக்கு அனுப்பினார்கள். தலைமை நீதிபதி ரோல், தீர்ப்புச் சொல்வதைவிடப் பதவி விலகுவதே மேல் என்று போய்விட்டார். குக்கின் 1610 குறிப்பு அச்சில் வெளிவந்தது இதற்கு அடுத்த ஆண்டு.

1660இல் கொல்லப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி மன்னர் ஆனதும், மன்னரின் சம்மதம் பெறாத எதுவும் சட்டமாக மதிக்கப்படவில்லை. தந்தை இறந்த நாளிலிருந்தே அவருடைய ஆட்சியைக் கணக்கிட்டதால், 1660 அவரது 12ஆம் ஆட்சியாண்டு ஆயிற்று. இரு சபைகளுக்கு மன்னர் இல்லாமலே சட்டம் இயற்றும் அதிகாரம் உண்டு என்று சொல்வதையே 1661இன் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பிற்காலத்து அதிகாரபூர்வச் சட்டத் தொகுப்பு 1642க்கும் 1660க்கும் இடையே வெற்றிடத்தை விட்டுச் சென்றது. அந்த ஆண்டுகளின் ஆர்டினன்ஸ்களை ஃபர்த், ரெய்ட் என்ற இரு அறிஞர்கள் மூன்று தொகுதிகளாகத் திரட்டியது 1911இல்தான். அந்தக் காலத்துத் தாள்கள் இவ்வளவு தப்பிப் பிழைத்ததற்கு ஒரு பெரும் காரணம், கலகக் காலம் முழுவதும் கண்ணில் பட்ட அச்சுத் தாள்களையெல்லாம் வாங்கிச் சேர்த்த லண்டன் புத்தக வியாபாரி ஜார்ஜ் தாமஸன். அவரிடம் சேர்ந்தவை ஏறக்குறைய 22,000.

ஆர்டினன்ஸ் என்ற பெயர் அழிந்தாலும் அது கொண்டுவந்த பணம் அழியவில்லை. மக்கள் வெறுத்த கலால் வரியை மட்டும் 1660இன் பாராளுமன்றம் முறையான சட்டமாக்கித் தக்கவைத்து, மன்னர் விட்டுக்கொடுத்த பழைய நிலவுடைமை வருமானங்களுக்கு ஈடாக அவருக்கே கொடுத்தது.

பிரகடனங்களும் தொடர்ந்தன. ஸ்டார் சேம்பர் மட்டும் திரும்பி வரவில்லை. 1675 டிசம்பர் 29 அன்று, அரசைப் பற்றி வம்பு பேசும் இடங்கள் என்று சொல்லி, காபிக் கடைகளை ஜனவரி 10க்குள் மூடச் சொல்லிப் பிரகடனம் போட்டார் இரண்டாம் சார்லஸ். கடைக்காரர்கள் கொதித்தார்கள். மன்னருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதில் சட்டம் அறிந்தவர்களுக்கே ஐயம். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே, ஜனவரி 8 அன்று, அரசு பின்வாங்கியது. காபிக் கடைகள் திறந்தே இருந்தன.